கழிப்பறை கட்டி முடிந்ததும் தெரிவிக்கப்படும்

டன்லீ சமுதாயக் கல்லூரியின் ஐம்பது வருட வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுத்தாளர் இல்லை. மாணவர் பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். "பழைய காகிதமெல்லாம் உன்கிட்டதானே இருக்கு, ஜனெல்? நாப்பது பக்கம் போதும். போட்டோ நிறையப் போட்டுக்கலாம்" என்றார் கல்லூரித் தலைவர் டாக்டர் ஆஷ்பி. அடுத்த வருடம் மே மாதப் பட்டமளிப்பு விழாவில் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்றார். அந்த அம்மாள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வரலாறு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் பிள்ளைகள் படிப்புக்காக நூறு மைல் போவது போதும் என்று 1966-இல் ஊர்க்காரர்கள் முடிவெடுத்தார்கள். மூடிக் கிடந்த வெண்ணெய் ஆலையைக் கல்லூரியாக்கினார்கள். மாடியில் தட்டச்சு வகுப்பு. கீழே குளிர் அறை இருந்த இடத்தில் உடற்கூறு வகுப்பு. நர்ஸிங் மாணவிகள் லூதரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஒருவருக்கொருவர் கட்டுப் போட்டுப் பழகினார்கள். ஜூன் பிறந்தால் சுவரிலிருந்து புளித்த பால் வாடை கிளம்பும். முதல் வருடம் படித்த எண்பத்தேழு பேரில் யாரைக் கேட்டாலும் அந்த வாடையைத்தான் முதலில் சொல்வார்கள். பண்ணை இயந்திர மெக்கானிக் வகுப்பு மட்டும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பழைய கார்க்கடையின் கொட்டகையில் நடந்தது.

அந்த மெக்கானிக் வகுப்பின் 1967-ஆம் வருடத்துக் கோப்பை மார்ச் மாதம் ஒருநாள் பிரித்தேன். இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல்: முடித்தார், முடித்தார், விலகினார், ராணுவத்துக்குப் போனார், முடித்தார். எல். ரீமர் என்ற பெயருக்கு எதிரே மட்டும் "காத்திருக்கிறார்" என்று இருந்தது.

பின்னால் கார்பன் பிரதி ஒன்று குத்தியிருந்தது. எங்கள் முதல் தலைவர் சோர்லி எழுதிய கடிதம்.

"அன்புள்ள மிஸ் ரீமர், சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பற்றி ரயில் நிலையத்திலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு அடிபடாமல் போனது தெய்வச் செயல். பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத நிலையில் உங்களைத் தொடரச் சொல்வது பொறுப்பாகாது. நீங்கள் நீக்கப்படவில்லை. கழிப்பறை கட்டி முடிந்ததும் தெரிவிக்கப்படும். உங்கள் இடம் காத்திருக்கும்."

கட்டடக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். புதிய பட்டறை 1971-இல் திறக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் "பெண்கள்" என்று எழுதியிருந்தது. இரண்டாவது கடிதம் ஒன்று போயிருக்கும் என்று நான்கு நாட்கள் தேடினேன். இல்லை. சந்தேகத்தில் கணினியிலும் பெயரைத் தட்டிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் பழைய பதிவுகளையெல்லாம் ஏற்றிய யாரோ ஒரு புண்ணியவதி, இருந்ததை இருந்தபடியே ஏற்றியிருக்கிறாள். எல். ரீமர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடும்போது என் கணவர் டக்கிடம் சொன்னேன்.

"ரீமரா? அது லவோன் ஹூக்ஸ்ட்ராவாத்தான் இருக்கும்" என்றார் அவர். "கவுன்டி எல்லைக்கு அந்தப் பக்கம். வெண்டலைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி அவங்க ரீமர்தான். நம்ம வைக்கோல் கட்டுற மெஷினை அவங்க ரெண்டு தடவை சரி பண்ணிக் குடுத்தாங்க. மூணாவது தடவை போனப்ப, இதை எடைக்குப் போட்டுட்டு ஆடு வாங்கிக்கோன்னுட்டாங்க."

சனிக்கிழமை கிளம்பிப் போனேன். பனி உருகி வழியெல்லாம் சேறு. கொட்டகைக்குள் ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன.

"மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா? நான் டன்லீ காலேஜ்லேருந்து வர்றேன்."

"நன்கொடை கேட்டு வந்திருந்தா வந்த வழியே போயிடும்மா" என்றது டிராக்டர்.

"குடுக்க வந்திருக்கேன். உங்களுக்கு ஒரு கடிதம்."

அவர் வெளியே வந்தார். ஒல்லியான உடம்பு, வெட்டி விட்ட நரைமுடி, அறுபத்தெட்டு வயது. கையைத் துடைத்துக்கொண்டு கார்பன் பிரதியை வாங்கி, கண்ணாடி போடாமல் எட்டப் பிடித்து வாசித்தார்.

"சோர்லி நல்ல மனுஷன். எழுத்துதான் தந்தி மாதிரி, பாதியை முழுங்கிடுவார்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? கொட்டகையில ஒரே ஒரு கக்கூஸ், அதுக்குக் கதவும் பாதிதான். நான் தண்டவாளத்தைத் தாண்டி தானியக் கிடங்கு ஆபீஸுக்குப் போவேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஆறு வாரம். அன்னிக்கு ஒரு சரக்கு ரயில் குறுக்கே வந்து நின்னுடுச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன், இருபது பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் அடக்குறது? ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஏறி அந்தப் பக்கம் குதிக்கப் போனேன். அந்த நேரம் பாத்து ரயில் ஒரு இழு இழுத்துச்சு. இடது கால் பூட்ஸ் கொக்கியில மாட்டி ஓமாஹாவுக்கே போயிடுச்சு." சிரிக்காமல் சொன்னார். "நான் போகல. அதுதான் சோர்லி சொல்ற தெய்வச் செயல்."

"அதுக்கப்புறம் யாரும் எழுதவே இல்லையா?"

"இல்லை. கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க. எழுபத்தொண்ணுலேயே."

"தெரியும்" என்றார் லவோன். "எழுபத்திரெண்டுல என் மூத்த பொண்ணைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். கதவுல 'பெண்கள்'னு எழுதியிருந்துச்சு. திறந்தா உள்ள பூரா எண்ணெய் டின். டின்னை நகத்திட்டுக் கையைக் கழுவிட்டு வந்துட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"தெரிவிக்கிறேன்னு சொன்னது அவங்க. தெரிவிக்கட்டும்னு இருந்தேன்."

பதிவு அலுவலகத்தின் சார்பாக, கழிப்பறை கட்டி முடிந்துவிட்டது என்று முறைப்படி தெரிவித்தேன். அப்போதுதான் அவர் சிரித்தார். வீட்டுக்குள் கூட்டிப்போய் ரூபார்ப் பை என்ற புளிப்புப் பலகாரத்தை வெட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் ஆஷ்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கௌரவச் சான்றிதழ் கொடுத்துவிடலாம், மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லலாம், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம் என்று திட்டம் போட்டார். நான் லவோனுக்குப் போன் செய்தேன்.

"கௌரவம்னா, படிக்காமலே குடுக்கறதுதானே?"

"ஆமாங்க."

"அந்த ஆளு என்ன எழுதியிருக்கார்? இடம் காத்திருக்கும்னு. இடம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

இடம் இருந்தது. டீசல் மெக்கானிக் படிப்பு, ஒரு வருடச் சான்றிதழ், ஆகஸ்டில் ஆரம்பம். அதை நடத்துகிற ரிக் டாலன் என் கவுன்டருக்கு வந்து முணுமுணுத்தார்.

"பதினாறு பசங்க இருக்கானுங்க, ஜனெல். எனக்கே அம்மா வயசு இருக்கிற ஒருத்தங்க வந்து ஜாக்குக்கு அடியில படுத்தா நான் எப்படி நிம்மதியா நிக்கிறது?"

"அம்பது வருஷமா அவங்க அங்கதான் படுத்திருக்காங்க, ரிக்."

"அதான் பயமே. எல்லாம் தெரியும்னு வருவாங்க."

அவர் பயந்தது பொய்யில்லை. முதல் வாரத்திலேயே ஸ்டார்ட் ஆகாத ஒரு டிராக்டரை லவோன் இரண்டு தடவை முடுக்கிக் கேட்டுவிட்டு, எரிபொருள் பம்ப் என்று அடித்துச் சொன்னாராம். பையன்கள் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார்கள். பம்ப்புக்குப் பக்கத்தில் போகிற ஒரு ஒயர் அறுந்திருந்தது, அவ்வளவுதான். லவோன் அந்த ஒயரை நெடுநேரம் பார்த்தார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடின்னா இது பம்ப்பாத்தான் இருந்திருக்கும்" என்றார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்துகொண்டார். அன்றைக்கே அவர் அவர்களுக்கு மிஸஸ் ஹெச் ஆனார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் அவரிடம் யாரும் நெருங்க முடியவில்லை. கையால் செய்கிற எதிலும் அப்படித்தான் என்று ரிக்கே ஒப்புக்கொண்டார்.

மின்சாரப் பாடம்தான் காலை வாரிவிட்டது. நவம்பரில் எழுத்துத் தேர்வு. தேற எழுபது வேண்டும். லவோன் வாங்கியது ஐம்பத்தொன்று. அடுத்த இரண்டு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. நன்றி கூறும் திருநாளுக்கு முந்தைய திங்கட்கிழமை எனக்குப் போன் வந்தது.

"விலகுறதுக்கு ஒரு படிவம் இருக்குமே, அதைத் தபால்ல அனுப்பு."

நானே எடுத்துக்கொண்டு போனேன். அனுப்பியிருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். பக்கத்து அறையில் அவருடைய கணவர் வெண்டல், முழங்காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். லவோன் படிவத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ புத்தகம் வேற எழுதுறே."

"சொல்லுங்க."

"அறுபத்தேழுலயும் நான் தோத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எஞ்சின்ல இல்ல. கரண்ட்டுல. அந்த வாத்தியார் போர்டுல கணக்குப் போடுவார். பின்னம், தசமம். எனக்கு ஒண்ணும் விளங்காது. இருபத்தோரு ஆம்பளைங்க நடுவுல கையைத் தூக்கி, புரியலைன்னு எப்படிச் சொல்றது? பொம்பளைக்கு இது வராதுன்னுடுவானுங்க. சோர்லி லெட்டர் வந்தப்போ அம்மா அழுதா. நான் என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு."

அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு மேலே பேசினார்.

"கக்கூஸ் இல்லாததால என்னை வெளியே அனுப்பிட்டாங்கன்னு நாப்பத்தொம்பது வருஷமா ஊர் பூரா சொல்லிட்டேன். பொய் இல்ல. அனுப்பினாங்கதான். ஆனா எழுபத்திரெண்டுல அந்தக் கதவைத் திறந்துட்டுத் திரும்பி வந்தது ரோஷத்துல மட்டும் இல்ல. மறுபடி அந்த போர்டு முன்னாடி உட்கார பயந்துட்டேன். இப்பவும் அதேதான்."

அடுத்த அறையிலிருந்து வெண்டலின் குரல் வந்தது. "லவோன், அந்த ரயில் கதையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். இதை இப்பத்தான் கேட்கறேன். இதுதான் நல்லா இருக்கு."

"நீ டிவியைப் பாரு!"

அவர் முகம் சிவந்திருந்தது. பத்தொன்பது வருடமாக நான் செய்து பழகியதைத்தான் செய்தேன். எந்தக் கட்டடம், எந்த நாள், எத்தனை மணி என்று சொன்னேன்.

"பி கட்டடத்துல ஒரு கணக்கு வகுப்பு இருக்கு. செவ்வாய், வியாழன். சாயந்திரம் ஆறு மணி. பின்னம், தசமம் எல்லாம் அடியிலேருந்து சொல்லித் தருவாங்க."

"அது வான்கோழிக் கறி வெட்டுற ஆலை ஆளுங்களுக்கு நடத்துறதுதானே?"

"யாருக்கு வேணும்னாலும்தான். மின்சாரப் பாடத்தை வசந்த காலத்துல மறுபடி எழுதலாம். ரிக்கைக் கேட்டுட்டேன்."

படிவத்தில் அவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. வாசல் வரை வந்து, "ஆறு மணின்னா இருட்டிடுமே" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரியில் வந்தார், பகலில் ரிக்கின் பட்டறைக்கும், சாயந்திரம் கணக்கு வகுப்புக்கும். அந்த வகுப்பில் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஆலையில் பகல் ஷிஃப்ட் முடித்து, கைகழுவிய சோப்பு மணத்தோடு நேராக வருகிறவர்கள். பள்ளிப் படிப்புக்குச் சமமான சான்றிதழ் வாங்குவதற்காகப் படிப்பவர்கள். லவோனுக்கு இடம் கிடைத்தது மார்ட்டா என்ற குவாத்தமாலாப் பெண்ணின் மேசையில். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். எண்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம்தான் தட்டுத் தடுமாறும். கேள்வியை லவோன் வாசித்துச் சொல்வார், விடையை மார்ட்டா போட்டுக் காட்டுவாள். புரியவில்லை என்று சொல்ல அந்த மேசையில் யாருக்கும் வெட்கமில்லை. ஒருநாள் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கார் நிறுத்துமிடத்தில் மார்ட்டாவின் வேனில் எஞ்சின் மூடி திறந்திருந்தது. உள்ளே லவோன் தலையை விட்டிருந்தார். மார்ட்டா டார்ச் பிடித்திருந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்ட குளிர்.

"ஹீட்டர் வேலை செய்யல" என்றார் லவோன் என்னைப் பார்த்து. "மூணு குழந்தையை இதுல வச்சுக் கூட்டிட்டுப் போறா. என்ன ஆச்சுன்னு கேட்டா கையைக் காட்டுறா. அவளுக்குப் பின்னம் வருது, எனக்கு வேன் வருது. நடுவுல பேச்சுதான் வரல."

மார்ச் முதல் வாரம், நான் கவுன்டர் கதவை இறக்கப் போகிற நேரம், லவோன் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்தார். கையில் பிழிந்த துணி மாதிரி ஒரு நோட்டு.

"ஜனெல்! ஒரே ஒயர்ல ரெண்டு மின்தடை வரிசையா இருந்தா கூட்டணும். ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இருந்தா கூட்டக் கூடாது. ரெண்டு வாசல் இருக்கிற கொட்டகை மாதிரி. மாடு சீக்கிரம் வெளியே போயிடும். அதனால தடை குறைஞ்சுடும். பின்னத்துல போட்டா விடை டக்குனு வந்துடுது. இதைத்தான், இதையேதான் அந்த ஆள் அறுபத்தேழுல சொல்லிக்கிட்டிருந்தார்!"

"யாரு?"

"அந்த வாத்தியார்! பாவம், செத்துப் போயிட்டார். நல்லாத்தான் சொல்லியிருக்கார்."

எனக்கு மாடும் புரியவில்லை, தடையும் புரியவில்லை. ஆனால் மூச்சிரைக்க அவர் நின்ற கோலத்தை நான் மறக்க மாட்டேன்.

ஏப்ரலில் மறுதேர்வு. எழுபத்துநான்கு வாங்கினார். ரிக் அந்த விடைத்தாளை ஏதோ தான் எழுதியது போலக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய வாரம் அது. லவோன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரயிலை எழுது, கக்கூஸை எழுது. நான் தோத்துக்கிட்டிருந்ததையும் எழுது. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதாதே." நான் அப்படியே எழுதி டாக்டர் ஆஷ்பியிடம் கொடுத்தேன்.

"இது நமக்குக் கொஞ்சம் சங்கடம் இல்லையா, ஜனெல்?"

"சங்கடம்தான். கடிதம் போட மறந்தது நாமதானே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் எதையும் வெட்டவில்லை. அந்தப் பகுதியை ஒன்பதாம் பக்கத்திலிருந்து முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு, காற்றாலைத் தொழில்நுட்ப வகுப்புக்கும் பல் சுகாதார வகுப்புக்கும் நடுவே, நகர்த்தச் சொன்னார். நானும் அதற்கு மேல் வாதாடவில்லை.

மே மாதம் உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டமளிப்பு. லவோனுக்காக மேடையில் தனியாக எதுவும் பேசவில்லை. மற்றவர்களுக்கு என்னவோ அதேதான் தனக்கும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் பெயர்ப் பட்டியலோடு படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நர்ஸிங் முடித்தவர்கள், வெல்டிங் முடித்தவர்கள், பிறகு டீசல். "லவோன் ரீமர் ஹூக்ஸ்ட்ரா" என்று வாசித்ததும் பதினாறு பையன்களும் பெஞ்சு மேல் ஏறி விசிலடித்தார்கள். அவர் வேகமாக நடந்து போய்ச் சான்றிதழை வாங்கி, தலைவரின் கையை ஒரே ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு இறங்கினார். வெண்டலுக்கு எழுந்து நிற்க முடியாது. இருந்த இடத்திலிருந்தே தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாலு வரிசை தள்ளி மார்ட்டா மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். படி இறங்கும்போது லவோன் என் தோளை ஒரு நொடி பிடித்துக்கொண்டார். பிறகு பையன்களின் வரிசைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, காபி குடிக்கும் முன்பே, அவருடைய பதிவைத் திறந்து "முடித்தார்" என்று மாற்றினேன்.

அந்தக் கோடையில் கவுன்டி சாலைத் துறைப் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்கு லவோனைக் கூப்பிட்டார்கள் என்று டக் சொன்னார். சான்றிதழை நீட்டினாராம். அவர்கள் பார்க்கவே இல்லையாம். பழுதாகி நின்ற ரோடு ரோலர் ஒன்றைத்தான் காட்டினார்களாம்.

ஆகஸ்ட் கடைசியில், பதிவுக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த ஒரு நாள், லவோன் வரிசையில் நின்று என் முன்னால் வந்தார்.

"ஸ்பானிஷ் வகுப்பு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. திங்கள், புதன். சாயந்திரம்."

"நம்ம கொட்டகைக்கு வர்ற வேன்ல பாதி, மார்ட்டா மாதிரி ஸ்பானிஷ் பேசுறவங்களோடதுதான் இப்ப. எல்லாத்துக்கும் கையைக் காட்டினா எப்படி?" படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியார் எப்படி? புரியலைன்னா திருப்பிச் சொல்வாரா?"

"அந்த அம்மா பத்து தடவைகூடச் சொல்வாங்கன்னு கேள்வி."

"பதினோரு தடவை சொல்லணும்னு சொல்லி வை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டார்.